கப்பல் வாங்கிய வக்கீல்

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே, சற்று வடக்கே தள்ளி இருக்கிற ஊர் திருவேங்கடம். 2019ல் தென்காசி மாவட்டம் பிறக்கும் வரை அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் காலில் அப்பும். வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணுக்கு ஏற்ற பயிர் பருத்தி.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு கரிசல் காட்டுப் பருத்தி எங்கே போயிற்று? மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஏறித் தூத்துக்குடிக்குப் போயிற்று. அங்கே அதை மொத்தமாக வாங்கியவர்கள் வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்கள். அதை நூலாக்கிய ஆலையும் வெள்ளைக்காரருடையது. கடல் கடந்து கொண்டு போன கப்பலும் வெள்ளைக்காரருடையது. காட்டில் பாடுபட்டவருக்கும், ஆலையில் நூல் நூற்றவருக்கும், கப்பலில் ஏறியவருக்கும் கூலியோ விலையோ பேச வாய் இல்லை. கொடுத்ததை வாங்கினார்கள்; கேட்டதைக் கொடுத்தார்கள்.

இது நியாயமா என்று ஒரு வக்கீல் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் கப்பலே வாங்கினார். அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை. நாடெல்லாம் கப்பலோட்டிய தமிழர் என்று கொண்டாடும் வ.உ.சி.

ஏழைகளின் வக்கீல்

வ.உ.சி. 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை, தாயார் பரமாயி அம்மாள். தந்தையும் வக்கீல்தான். வசதியான குடும்பம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். படித்துவிட்டுக் கொஞ்ச காலம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். பிறகு திருச்சியில் சட்டம் படித்து, 1895ல் ஒட்டப்பிடாரத்திலேயே வக்கீல் தொழில் தொடங்கினார்.

ஏழைகள் வந்தால் காசு கேட்க மாட்டார். போலீசார் போட்ட வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாடி ஜெயிப்பார். அதனால் அதிகாரிகளின் கோபம் வளர்ந்தது. ஊரிலேயே இருந்தால் வம்பு வரும் என்று தந்தை பயந்தார். 1900ல் வ.உ.சி. தூத்துக்குடிக்குக் குடி போனார். அங்கேதான் கடல் இருந்தது. கப்பல்களும் இருந்தன.

கடலுக்கு ஒரு முதலாளி

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஓர் இரவுப் பயணம். அரிசியும் மிளகாயும் துணியும் போகும். வியாபாரிகள் போவார்கள். பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகள் போவார்கள். இந்தப் போக்குவரத்தை அன்று தன் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்கின்னன் ஆரம்பித்த கம்பெனி அது. அதன் கப்பல்கள் இந்தியாவைச் சுற்றியும், பர்மாவுக்கும், பாரசீக வளைகுடாவுக்கும், ஆப்பிரிக்காவுக்கும் ஓடின. உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று.

ஒரே கம்பெனி என்றால் அது வைத்ததுதான் கூலி. அது காட்டியதுதான் மரியாதை. வேறு கப்பல் இல்லாதபோது எங்கே போய் முறையிடுவது?

1905ல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். சுதேசி இயக்கம் கிளம்பிற்று. வ.உ.சி. அதில் முழு மனதோடு இறங்கினார். தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலை ஏற்படுத்தினார். அதோடு நில்லாமல் கப்பல் கம்பெனி ஆரம்பிக்கத் துணிந்தார்.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ந் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார். அது இரண்டு லட்சம் ரூபாய்! வ.உ.சி. உதவிச் செயலாளர். பட்டம் சின்னதுதான், பாரமெல்லாம் அவர் தோளில்தான். பாரதியார் தம் பத்திரிகையில் இந்தக் கம்பெனிக்காக எழுதினார்.

கம்பெனியின் நோக்கங்கள் கவனிக்கத் தக்கவை. குறைந்த கட்டணத்தில் கப்பல் விடுவது ஒன்று. இந்தியருக்கும் இலங்கையருக்கும் மற்ற ஆசிய மக்களுக்கும் கப்பல் ஓட்டவும் கப்பல் கட்டவும் கற்றுக் கொடுப்பது மற்றொன்று. லாபம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த லாபத்தோடு பயணிக்கும் பயன் வேண்டும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தொழிலும் வேண்டும் என்பது வ.உ.சி.யின் எண்ணம்.

பம்பாய்க்குப் போனார்

முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். கப்பல் ஓட ஆரம்பித்ததும் எதிர்க் கம்பெனி கப்பல்காரரை நெருக்கிற்று. அவர் கப்பலைத் திரும்ப எடுத்துக் கொண்டார். வ.உ.சி. சளைக்கவில்லை. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார். ஆனால் இரவல் கப்பலை நம்பித் தொழில் நடத்த முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மூத்த மகனுக்கு உடம்பு சரியில்லை. மனைவி மீனாட்சி அம்மாள் பிள்ளைத்தாய்ச்சி. இந்த நேரத்தில் போக வேண்டுமா என்று சிநேகிதர்கள் தடுத்தார்கள். கடவுள் பார்த்துக் கொள்வார் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார். கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சபதம் செய்தார்.

சபதம் பலித்தது. 1907ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக் கடலில் நங்கூரம் பாய்ச்சின. ஊரே கரையில் கூடிற்று. நம்முடைய கப்பல் என்று கை காட்டிச் சொல்ல அன்றைக்குத்தான் அந்த ஜனங்களுக்கு ஒன்று கிடைத்தது.

இலவசக் குடை

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கொழும்புக்கு ஒரு ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே எதிர்க் கம்பெனி, காசே வேண்டாம், சும்மா வாருங்கள், ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்று சொல்லிற்றாம்!

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இலவசப் பயணம், கையில் புதுக் குடை. இதில் என்ன அநியாயம் என்று தோன்றும்.

ஓர் ஊரில் ஒரு பெரிய கடை இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அந்தக் கடைக்காரருக்குப் பத்து ஊரில் கடை உண்டு. எதிரே ஏழை ஒருவர் சின்னக் கடை போடுகிறார். பெரிய கடைக்காரர் அந்த ஊரில் மட்டும் அரிசியைச் சும்மா கொடுக்கிறார். நஷ்டத்தை மற்ற ஒன்பது ஊரில் ஈடு கட்டிக் கொள்கிறார். சின்னக் கடைக்காரருக்கு இருப்பது ஒரே கடை. எத்தனை நாள் தாங்குவார்? அவர் கடையை மூடிய மறுநாள் அரிசி விலை பழையபடி ஏறும். அப்போது கேட்க ஆள் இருக்காது.

அந்தக் குடை அப்படிப்பட்ட அரிசிதான். பல கடல்களில் கப்பல் விட்ட கம்பெனி, ஒரே கடலில் கப்பல் விட்ட கம்பெனியை மூடச் செய்யப் பார்த்தது. அதிகாரிகளும் வெள்ளைக்காரக் கம்பெனியின் பக்கமே சாய்ந்தார்கள். இப்படி விலையை அடக்கத்துக்குக் கீழே இறக்கி எதிரியை ஒழிப்பது குற்றம் என்று இன்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது. 1907ல் தூத்துக்குடியில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஜனங்களின் ரோஷம்தான் சட்டமாக நின்றது. இலவசத்தை விட்டுவிட்டு எட்டணா கொடுத்து சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் பலர்.

ஆலைக்குள் ஒரு கூக்குரல்

கடலில் இந்தப் போர் நடக்கும்போதே கரையில் இன்னொரு துயரம் இருந்தது. தூத்துக்குடியில் கோரல் மில் என்ற நூற்பாலை. ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக் குடும்பத்தாரின் கம்பெனி அதை நடத்திற்று. கரிசல் காட்டுப் பருத்தி அங்கே நூலாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். சிறு பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். காலையில் உள்ளே போனால் இருட்டும்போதுதான் வெளியே வருவார்கள். கூலி வயிற்றுக்குப் போதாது. ஓய்வு நாள் என்று நிம்மதியாகப் படுக்க ஒரு நாள் இல்லை.

இங்கேதான் வ.உ.சி.க்கு ஒரு சோதனை. அவர் ஒரு கம்பெனியை நடத்துகிறவர். பத்து லட்ச ரூபாய்க் காரியம் அவரை நம்பி இருக்கிறது. ஏற்கெனவே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக் கட்டிக் கொண்டிருக்கிறார். இன்னொரு வெள்ளைக்காரக் கம்பெனியையும் பகைத்துக் கொண்டால் சர்க்கார் சும்மா இருக்குமா? வியாபாரம் வேறு, அரசியல் வேறு என்று சுதேசிக் கம்பெனியைச் சேர்ந்தவர்களிலேயே சிலர் நினைத்தார்கள். கப்பலை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தால் அவருக்கு நல்லதுதான்.

அவரால் அப்படி இருக்க முடியவில்லை. கப்பலில் ஏறுகிறவனுக்கு நியாயம் கேட்டவர், ஆலையில் தேய்கிறவனுக்கும் கேட்டார். 1908 பிப்ரவரியில் சுப்பிரமணிய சிவாவும் அவரும் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். பிப்ரவரி 27ந் தேதி தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. கூலி உயர்வு, வார ஓய்வு, லீவு என்று கோரிக்கை வைத்தார்கள்.

அப்போது தொழிற்சங்கச் சட்டம் கிடையாது. அது வந்தது 1926ல்தான். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ல்தான் தோன்றியது. சங்கமும் இல்லை, சேமிப்பும் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. வ.உ.சி. ஊரைத் திரட்டினார். தூத்துக்குடி ஜனங்கள் தொழிலாளரைப் பட்டினி போடவில்லை. சாப்பாட்டுக்கு வழி செய்தார்கள். தொழிலாளருக்கு விரோதமாகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரத் தொழிலாளி பாதியில் கத்தியை மடக்கிக் கொண்டு எழுந்து போய்விட்டாராம். அந்தக் கதை இன்றும் அந்தப் பக்கத்தில் உண்டு.

ஒன்பது நாள் ஆயிற்று. ஆலை இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. ஊரிலிருந்த மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளும் தம் ஆட்களைக் கொஞ்சம் நன்றாக நடத்த ஆரம்பித்தன.

காலத்தை எண்ணிப் பாருங்கள். இந்தியாவின் நூற்பாலைகளில் ஆண்களுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை கூடாது என்று சட்டம் வந்தது 1911ல். உலகத் தொழிலாளருக்காக ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் பிறந்தது 1919ல். ஆலைத் தொழிலாளருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அது ஒப்பந்தம் செய்தது 1921ல். தூத்துக்குடியில் அந்த ஓய்வைத் தொழிலாளர் கேட்டு வாங்கியது 1908ல்!

நாற்பது வருஷம்

சர்க்கார் பொறுக்கவில்லை. மார்ச் 12ந் தேதி வ.உ.சி.யும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் திருநெல்வேலியில் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. போலீசார் சுட்டதில் நாலு பேர் மாண்டார்கள். சில நாட்களுக்கு முன்புதான் கூலி உயர்வு பெற்ற கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். இந்த முறை தங்களுக்காக எதுவும் கேட்கவில்லை. தங்களுக்காகப் பேசியவருக்காக வந்தார்கள்.

ஜூலை 7ந் தேதி ஜட்ஜ் பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜ நிந்தனைக்கு ஓர் ஆயுள். சிவாவுக்கு இடம் கொடுத்ததற்கு ஓர் ஆயுள். ஆக நாற்பது வருஷம். கேட்ட மாத்திரத்தில் வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரத்தின் புத்தி பேதலித்தது. அது கடைசி வரை தெளியவில்லை. மேல் முறையீட்டில் தண்டனை ஆறு வருஷமாகக் குறைந்தது.

கோயமுத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். மாட்டைக் கட்ட வேண்டிய இடத்தில் ஒரு வக்கீலைக் கட்டினார்கள். அந்தச் செக்கை இன்றும் நினைவுச் சின்னமாகக் காத்து வருகிறார்கள். பிறகு கண்ணனூர்ச் சிறை. அங்கேயும் அவர் மனம் சோரவில்லை. நல்வழியில் நடப்பது எப்படி என்று மெய்யறம் என்ற நீதி நூலை எழுதினார்.

கம்பெனியின் கதி? நடத்துகிறவர் சிறையில். எதிரி பெரியவன். சர்க்கார் பகை. பங்குதாரர்கள் பயந்தார்கள். 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து வாங்கி வந்த கப்பல்கள் விலை போயின. அவர் சிறைக்குள் இருந்தபடியே அந்தச் செய்தியைக் கேட்டார்.

எண்ணெய்க் கடைக்காரர்

1912 டிசம்பரில் விடுதலை. வாசலில் பெருங்கூட்டம் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சொந்த ஜில்லாவுக்குப் போகவும் தடை. கப்பல் கம்பெனி நடத்தியவர் சென்னையில் எண்ணெயும் மளிகையும் விற்றார். வியாபாரம் கூடவில்லை. இளகிய மனசுக்காரருக்குக் கடை எப்படி ஓடும்?

கடல் கடந்து போன தமிழர்கள் அவரை மறக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் அவருக்காகப் பணம் சேர்த்துக் காந்தியடிகளிடம் கொடுத்தார்கள். பல கடிதங்களுக்குப் பிறகு 1916ல் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. அந்த நாளில் அது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி. அப்படித் தாம் திண்டாடிய காலத்திலும் சென்னையில் தொழிலாளர் கூட்டங்களுக்குப் போய்ப் பேசினார்.

வாலேசுவரன்

சில வருஷங்களுக்குப் பிறகு வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. அதற்கு உதவியவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதி. பெயர் வாலஸ். வ.உ.சி. அந்த நன்றியை எப்படித் தெரிவித்தார் தெரியுமா? தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்!

வெள்ளைக்காரக் கம்பெனிகளோடு போராடியவர். வெள்ளைக்கார ஜட்ஜினால் நாற்பது வருஷ தண்டனை பெற்றவர். அவர் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளைக்காரர் பெயர்! இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அவர் எதிர்த்தது அநியாயத்தை. நியாயம் செய்தவர் எந்தத் தேசத்தாராக இருந்தாலும் அவருக்கு உறவுதான்.

சன்னது கிடைத்த பிறகு கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வக்கீலாக இருந்தார். பருத்தி விளையும் அதே கரிசல் பூமிக்கு நடுவேதான் அந்தக் கோர்ட்டும். பிறகு தூத்துக்குடிக்கே திரும்பினார். கப்பல் விட்ட கடலின் கரையில், 1936 நவம்பர் 18ந் தேதி, அவர் விரும்பியபடியே காங்கிரஸ் ஆபீசில் கண்ணை மூடினார். வயது 64. கடைக்காரர்களுக்குத் தாம் கொடுக்க வேண்டிய சில்லறைப் பாக்கிகளையும் உயிலில் குறித்து வைத்துவிட்டுப் போனார். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியின் கணக்கைத் தாங்கியவர் தம் கடைசிக் கணக்கிலும் ஒருவரையும் ஏமாற்ற விரும்பவில்லை.

இன்றைக்கும் அதே கேள்வி

இன்று நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நன்மைக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள், குளம் வெட்டுகிறார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் வ.உ.சி. வாழ்ந்து காட்டியது இன்னொரு கணக்கு. அந்த இரண்டு பங்கு எங்கே போயிற்று என்று பார்ப்பதற்கு முன், நூறு பங்கும் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா? ஆளுக்கு ஓய்வு கொடுத்தார்களா? சின்னவனை நசுக்கி வந்த லாபமா? கம்பெனி எந்த நாட்டுடையதானாலும் இந்தக் கேள்வி ஒன்றுதான். நம்முடைய கம்பெனி என்பதற்காக அதற்கு விலக்கு இல்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011ல் வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். பல தேசத்துக் கப்பல்கள் அங்கே வந்து போகின்றன. எந்தக் கொடி பறந்தாலும், சரக்கு இறக்க வருகிற கப்பல் அவர் பெயரைத் தன் தஸ்தாவேஜில் எழுதித்தான் ஆக வேண்டும்.